பிரான்ஸ் ஆற்றங்கரையில் சைக்கிள் பயணம்: லுவாரா, தோர்தோஞ்சா, பர்கண்டி கால்வாயா?

பிரான்ஸில் ஒரு வாரம் சைக்கிள் ஓட்ட வேண்டும், ஆற்றங்கரையாக இருக்க வேண்டும், வழியில் கோட்டைகளும் வேண்டும். இதுவரைக்கும் எல்லோரும் சுலபமாக வந்துவிடுகிறார்கள். எந்த ஆறு என்று கேட்டால்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. இணையத்தில் தேடினால் எல்லாப் பள்ளத்தாக்கும் ஒரே மாதிரிதான் தெரியும்: திராட்சைத் தோட்டம், கல் பாலம், தூரத்தில் ஒரு கோபுரம், முன்னால் சிரித்துக்கொண்டே மிதிக்கும் ஒரு ஜோடி. ஆனால் ஓட்டிப் பார்த்தால் மூன்றும் மூன்று விதமான பயணங்கள். ஒன்றுக்கு ஆசைப்பட்டு இன்னொன்றில் போய் இறங்கினால் இரண்டாம் நாளே முகம் வாடிவிடும்.

என் கணிப்பைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லுவாரில் கோட்டைகளின் உள்ளே போக வேண்டும். தோர்தோஞ்சில் கோட்டைகளைக் கீழிருந்து அண்ணாந்து பார்க்க வேண்டும். பர்கண்டி கால்வாயில் சைக்கிள் ஓட்டுவதுதான் முக்கியம், கோட்டை இடையில் வந்துபோகும். இந்த மூன்றில் உங்களுக்கு வேண்டியது எது என்று தெரிந்தால் பாதி முடிவு ஆகிவிட்டது. மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கட்டுரை.

## எதை வைத்து அளப்பது?

ஏற்றம். கிலோமீட்டரைப் பார்த்து ஏமாறக் கூடாது. பைகளோடு சமதரையில் 50 கி.மீ. போவது, தினமும் ஓட்டாதவருக்கும் முடிகிற காரியம். அதே 50 கி.மீ.யில் ஆற்றங்கரையிலிருந்து மலை உச்சிக் கிராமத்துக்கு மூன்று முறை ஏறி இறங்க வேண்டுமென்றால் அது வேறு கணக்கு.

கோட்டைக்கான நேரம். பெரிய அரண்மனை ஒன்றை ஒழுங்காகப் பார்க்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். தோட்டமும் இருந்தால் அரை நாள். ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. "ஐந்து நாளில் பதினைந்து கோட்டை" என்று திட்டம் போடுகிறவர்கள் கடைசியில் பார்ப்பது பதினைந்து வாசல்கள்.

ரயில். கால் வலித்தால், மழை கொட்டினால், யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் சைக்கிளோடு ஏறிக்கொள்ளப் பக்கத்தில் ஒரு நிலையம் இருக்கிறதா? இதை யாரும் முதலில் யோசிப்பதில்லை. பயணம் சுகமா அவஸ்தையா என்பதைப் பல சமயம் இதுதான் தீர்மானிக்கிறது.

சாப்பாடு. பிரான்ஸ் கிராமங்களில் மதியச் சாப்பாடு 12 மணிக்கு ஆரம்பித்து 2 மணிக்கு முடிந்துவிடும். இரண்டரைக்குப் போய் நின்றால் காபிதான் கிடைக்கும். ஞாயிறு மாலையும் திங்களும் கடை, உணவகம் பலவும் மூடியிருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் கூர்மையான கேள்வி. அதை ஒவ்வொரு பகுதியிலும் தனியாகச் சொல்கிறேன்.

தங்கும் இடமும் செலவும். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ ஷெங்கன் விசாவில் வருகிறவர்கள் தங்குமிட முன்பதிவைக் காட்ட வேண்டும். "போகிற வழியில் இடம் பார்த்துக்கொள்ளலாம்" என்ற சுதந்திரம் அவர்களுக்குக் குறைவு. அதனால் இருட்டுவதற்குள் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் அறை நிச்சயமாகக் கிடைக்கிற வழியாக இருக்க வேண்டும்.

## லுவார்: அரண்மனைகளின் வழி

லா லுவார் ஆ வெலோ என்ற பாதை நெவேர் நகருக்குப் பக்கத்திலிருந்து அட்லாண்டிக் கடல் வரை சுமார் 900 கி.மீ. நீள்கிறது. இதன் பெரும்பகுதி, கருங்கடல் வரை போகும் யூரோவெலோ 6 நெடுவழியின் ஒரு துண்டு. ஆனால் ஒரு வாரம் கையில் வைத்திருப்பவர் 900 கி.மீ.யைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ப்ளுவாவிலிருந்து சோமூர் வரை, சுற்று வழிகளையும் சேர்த்து சுமார் 250 கி.மீ. அங்கேதான் சரக்கு இருக்கிறது.

முதலில் ஷாம்போர். ப்ளுவாவிலிருந்து 17, 18 கி.மீ. தூரம். 1519-ல் முதலாம் ஃபிரான்சுவா மன்னர் கட்ட ஆரம்பித்தது. வேட்டைக்கு வந்தால் தங்க ஓர் இடம், அவ்வளவுதான் நோக்கம். 32 ஆண்டு ஆட்சியில் அவர் அங்கே தங்கியது சில வாரங்கள்தான். நடுவில் இருக்கும் இரட்டைச் சுருள் படிக்கட்டில் ஒருவர் ஏற, இன்னொருவர் இறங்க, இருவரும் எதிரெதிரே முட்டிக்கொள்வதே இல்லை. சுவரில் உள்ள திறப்புகள் வழியாக ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள மட்டும் முடியும். குழந்தைகளோடு போனால் இந்தப் படிக்கட்டிலேயே அரை மணி நேரம் போய்விடும், போகட்டும். அரண்மனையைச் சுற்றியுள்ள காட்டுக்கு 32 கி.மீ. நீள மதில். அதற்குள் சைக்கிள் பாதைகள் இருக்கின்றன. பேருந்தில் வருகிறவர்கள் வாசலில் இறங்கி வாசலிலேயே ஏறிவிடுகிறார்கள். சைக்கிளில் வருகிறவருக்குத்தான் மரங்களுக்கு நடுவே அந்தக் கூரைக் காடு கொஞ்சம் கொஞ்சமாக எழும்பி வருவது தெரியும்.

அப்புறம் ஷோமோன், அம்புவாஸ். அம்புவாஸில் லியொனார்தோ தா வின்சி தன் கடைசி மூன்று ஆண்டுகளைக் கழித்தார். 1519 மே 2-ல் அங்கேதான் இறந்தார். க்ளோ லூசே என்ற அவருடைய வீட்டையும் பார்க்கலாம், கோட்டைக்குள் சிற்றாலயத்தில் இருக்கும் கல்லறையையும் பார்க்கலாம். தூர் நகரைத் தாண்டினால் வில்லாந்த்ரி. கத்தரிக்காய், முட்டைக்கோஸ், பூசணி எல்லாம் கோலம் போட்டது போல் கட்டம் கட்டமாக நிற்கும் தோட்டம். ஸ்பெயின் மருத்துவர் யொவாகிம் கர்வாயோ 1906-ல் இடத்தை வாங்கி இந்தத் தோட்டத்தை மீட்டெடுத்தார். பூந்தோட்டத்தை விடக் காய்கறித் தோட்டத்தில் மனம் லயிப்பவர்கள் இங்கே நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும். அங்கிருந்து பத்துப் பதினொரு கி.மீ. போனால் ஆந்த்ர் ஆற்றின் நடுவே நிற்கும் அஸே-லெ-ரிதோ. பிறகு ஷினோன், வியென் ஆறு லுவாரோடு கலக்கும் காந்த்-சான்-மார்த்தான், சற்று உள்ளே தள்ளி ஃபோன்தெவ்ரோ மடம், கடைசியில் சோமூர்.

மறைந்திருக்கும் செலவுகள். முதலாவது, நுழைவுக் கட்டணம். பெரிய அரண்மனை ஒவ்வொன்றிலும் ஆளுக்குத் தனித்தனியாகக் கட்ட வேண்டும். நான்கு பேர் குடும்பம் ஆறு இடம் பார்த்தால் டிக்கெட் செலவு சைக்கிள் வாடகையை நெருங்கிவிடலாம். கையைக் கடிக்கிற விஷயம் இதுதான், படுக்கை வாடகை அல்ல.

இரண்டாவது, ஷெனொன்சோ. எல்லோருடைய பட்டியலிலும் முதலிடம் அதற்குத்தான். ஆனால் அது லுவார் கரையில் இல்லை, ஷேர் ஆற்றின் மேல் இருக்கிறது. அம்புவாஸிலிருந்து 15 கி.மீ. போல வரும், நடுவில் காட்டு மேடு ஒன்று. "லுவார் முழுக்கத் தட்டை" என்று நம்பி வந்தவர்களுக்கு மூச்சு வாங்கும் இடம் இது. இருந்தும் போங்கள். ஆற்றின் குறுக்கே பாலம் போல நீளும் அந்த 60 மீட்டர் கூடம் முதல் உலகப் போரில் மருத்துவமனையாக இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஷேர் ஆறே ஜெர்மானியர் பிடித்த பகுதிக்கும் பிடிக்காத பகுதிக்கும் எல்லை. முன்வாசல் ஒரு பக்கம், கூடத்தின் தெற்குக் கதவு மறுபக்கம். அந்தக் கதவுக்கு வெளியே வந்து நின்று திரும்பிப் பார்த்தால் வரலாறு ஆற்றின் அகலத்துக்குச் சுருங்கிவிடுகிறது.

மூன்றாவது, காற்று. பெரும்பாலும் மேற்கிலிருந்து, கடல் பக்கத்திலிருந்து வீசும். ஆனால் பெரும்பாலானோர் கடலை நோக்கித்தான் ஓட்டுகிறார்கள். "ஆறு போகிற திசையில் இறக்கம்" என்று நினைப்பு. உண்மையில் அந்த இறக்கம் சக்கரத்துக்கே தெரியாத அளவு. காற்றோ முகத்தில் அறையும். வெள்ளத்தடுப்புக் கரைகளின் மேல் போகும் திறந்த சாலையில் நிழலும் கிடையாது. சோமூரில் ஆரம்பித்து ப்ளுவாவில் முடித்தால் காற்று பல நாட்கள் முதுகில் கை வைத்துத் தள்ளும்.

நான்காவது, பைகள். சைக்கிளை நிறுத்த இடம் எல்லா அரண்மனையிலும் உண்டு. அதில் மாட்டிய பைகளை என்ன செய்வது? அக்கேய் வெலோ என்ற பச்சை முத்திரை உள்ள இடங்களில் பெரும்பாலும் பூட்டி வைக்க வழி இருக்கும், ஆனால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். விடுதியிலிருந்து விடுதிக்குப் பையைக் கொண்டுபோய்க் கொடுக்கும் சேவைகளும் இருக்கின்றன. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பைக்கும் பணம்.

சாப்பாடு. மூன்றில் சைவர்களுக்கு ஓரளவு வசதியானது இதுதான். வெள்ளாட்டுப் பால் சீஸ் எங்கும் கிடைக்கும். சான்த்-மோர் என்ற சீஸ் சாம்பல் பூசிய உருளையாக, நடுவில் ஒரு வைக்கோல் தண்டு செருகியிருக்கும். வைக்கோலை உருவிவிட்டு, சாலையோர பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டியோடு சாப்பிட்டால் மதியம் முடிந்தது. சோமூர் பக்கத்தில் சுண்ணக்கல் குகைகளுக்குள்ளேயே உணவகம் நடத்துகிறார்கள். விறகடுப்பில் உப்பி வரும் ஃபுவே என்ற சிறு ரொட்டிக்குள் வெள்ளை மொச்சையோ சீஸோ வைத்துத் தருவார்கள். ரில்லெட் என்றால் பன்றி இறைச்சி, அதை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முட்டையும் சாப்பிடாதவர்கள், சீஸில் விலங்கு உறைச்சத்து வேண்டாம் என்பவர்கள் எந்தப் பள்ளத்தாக்குக்குப் போனாலும் சமையலறையுள்ள வாடகை வீடு எடுப்பதே நிம்மதி. பாரிஸ் வழியாக வருவீர்களானால் லா ஷாப்பெல் பகுதித் தமிழ்க் கடைகளில் பருப்பும் மசாலாப் பொடியும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

எப்போது இது சரி: முதல் முறை வருகிறவர்கள், குழந்தைகளோ பெற்றோரோ கூட வருகிறவர்கள், வரலாற்றை உள்ளே போய்த் தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள். பாரிஸ் ஆஸ்தர்லிட்ஸ் நிலையத்திலிருந்து ப்ளுவாவுக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். நதிக்கரை நெடுக நிலையங்கள். கோடையில் ஓர்லியானிலிருந்து கடற்கரை வரை சைக்கிள்களுக்கென்று கூடுதல் இடம் ஒதுக்கிய ரயிலே ஓடுகிறது. ஓர் ஊரில் சைக்கிள் எடுத்து வேறோர் ஊரில் விடும் வசதியும் இங்கேதான் சுலபம்.

எப்போது வேண்டாம்: ஆகஸ்டில் தனிமை தேடுகிறவர்களுக்கு.

## தோர்தோஞ்: பாறைமேல் கோட்டைகள்

லுவாரில் இருப்பவை மன்னர்கள் உல்லாசத்துக்குக் கட்டியவை. தோர்தோஞ்சில் இருப்பவை எதிரிக்குப் பயந்து கட்டியவை. நூறாண்டுப் போரில் இந்த ஆறு பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் நடுவே ஒரு வேலி. வடகரையில் பேனாக் பிரெஞ்சுப் பக்கம், தென்கரையில் காஸ்தெல்நோ பெரும்பாலும் ஆங்கிலப் பக்கம். இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு இன்றும் நிற்கின்றன. பேனாக் கோட்டை ஆற்றுமட்டத்திலிருந்து 150 மீட்டர் உயரத்தில் பாறை விளிம்பில் இருக்கிறது. கீழே நின்று பார்த்தால் பாறை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று சட்டெனப் பிரித்துச் சொல்ல முடியாது. காஸ்தெல்நோவில் இடைக்காலப் போர்க்கருவிகளின் அருங்காட்சியகம், ஆளுயரத்தைப் பல மடங்கு தாண்டும் கல்லெறி இயந்திரங்களோடு.

அதே கரையில் கொஞ்சம் மேற்கே மிலாந்த். 1489-ல் கட்டிய மாளிகை. 1947-ல் இதை வாங்கியவர் ஜோசஃபின் பேக்கர். அமெரிக்காவில் பிறந்து பாரிஸ் மேடையில் புகழ்பெற்ற கறுப்பினப் பெண், போர்க்காலத்தில் பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்துக்கு உளவு வேலை பார்த்தவர். பல நாட்டுக் குழந்தைகள் பன்னிரண்டு பேரைத் தத்தெடுத்து இங்கே வளர்த்தார். கடன் ஏறி 1969-ல் வெளியேற வேண்டியதாயிற்று. 2021-ல் அவர், நாட்டின் பெரியோர்களுக்கான நினைவிடமான பாரிஸ் பாந்தியோனில் கௌரவிக்கப்பட்டார். இந்தப் பள்ளத்தாக்கில் ஒரே ஒரு கோட்டைக்குள் போவதென்றால் நான் இதற்குத்தான் போகச் சொல்வேன்.

வழி என்று பார்த்தால்: பாரிஸ்–துலூஸ் ரயிலில் சூயாக்கில் இறங்கி, காஸூலெஸிலிருந்து சார்லா பக்கம் போகும் பழைய ரயில் தடத்தைப் பிடிக்கலாம். தண்டவாளம் எடுத்துத் தார் போட்ட, வண்டிகள் வராத 26 கி.மீ. பாதை. அதிலிருந்து கரைக்கு இறங்கி தோம், லா ரோக் காஷாக், காஸ்தெல்நோ, மிலாந்த், பேனாக். பிறகு ஆற்றோடு மேற்கே போய் வெசேர் வந்து கலக்கும் லிமெய் ஊரில் திரும்பி, வெசேர் கரையோடு லெஸ் எய்ஸி, மோந்தின்யாக், முடிவில் சார்லா. ஏறக்குறைய 150 கி.மீ. தூரம் குறைவாகத் தெரிகிறதல்லவா? ஒரு வாரம் நிச்சயம் பிடிக்கும்.

வெசேர் கரையில் கோட்டைகளை விடப் பழையது ஒன்று இருக்கிறது. ஆதிமனிதர் வரைந்த ஓவியங்கள் உள்ள லாஸ்கோ குகை 1940-ல் கண்டுபிடிக்கப்பட்டு, வருகிறவர்களின் மூச்சுக்காற்றால் ஓவியங்கள் கெட ஆரம்பித்ததால் 1963-ல் மூடப்பட்டது. 2016-ல் திறந்த முழு அளவுப் பிரதியைத்தான் இப்போது பார்க்கலாம். அசலே வேண்டுமென்றால் லெஸ் எய்ஸியில் ஃபோன்-த-கோம். வண்ணம் தீட்டிய அசல் காட்டெருமைகளை இன்னும் மக்கள் பார்க்க அனுமதிக்கும் குகை. ஒரு நாளைக்குச் சிறிய எண்ணிக்கையில்தான் ஆட்களை விடுவார்கள். டிக்கெட் கிடைத்த நாளை வைத்து மற்ற நாட்களை வகுத்துக்கொள்ளுங்கள், இங்கே அதுதான் சரியான முறை.

மறைந்திருக்கும் செலவுகள். ஏற்றம்தான் பெரிய செலவு. அழகான எதுவும் இங்கே கீழே இல்லை. 1281-ல் நிறுவிய தோம் கிராமத்துக்கு ஏறினால் தொடை கடுக்கும். ஆனால் மேலே போய்ப் பள்ளத்தாக்கைப் பார்த்த பிறகு யாரும் வருந்தி நான் கேட்டதில்லை. மின்சார சைக்கிள் எடுத்தால் இந்தப் பிரச்சினை பாதியாகும், ஆனால் அதன் எடை 25 கிலோவை நெருங்கும். மின்தூக்கி இல்லாத கிராம நிலையத்தில் அதை ரயிலில் ஏற்றுவது தனி வேலை.

அடுத்தது போக்குவரத்து. தொடர்ச்சியான தனிப்பாதை இங்கே இல்லை, பல இடங்களில் கார்களோடுதான் போக வேண்டும். பேனாக்கில் சாலை பாறைக்கும் ஆற்றுக்கும் நடுவே நெருக்கியடித்துப் போகிறது. அதற்கு மாற்றாகப் புறவழிச் சாலை கட்டத் தொடங்கி, 2018 இறுதியில் நீதிமன்ற உத்தரவால் பாதியில் நின்றது. ஜூலை, ஆகஸ்டில் அந்த ஒரு கிலோமீட்டரைக் காலை ஒன்பதுக்குள் கடந்துவிடுங்கள். சிறு பிள்ளைகள் தனி சைக்கிளில் வருகிறார்கள் என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே லுவாருக்குப் போகலாம்.

படகுச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒரு நாள் சைக்கிளைப் பூட்டிவிட்டு லா ரோக் காஷாக்கிலிருந்து துடுப்புப் படகில் போகத்தான் போகிறீர்கள். போகவும் வேண்டும். ஆற்றின் நடுவிலிருந்து பார்க்கும்போதுதான் இந்தக் கோட்டைகளை ஏன் அங்கே கட்டினார்கள் என்பது புரிகிறது.

சாப்பாடு. அசைவர்களுக்குக் கொண்டாட்டம், சைவர்களுக்குச் சோதனை. எங்கும் வாத்து. உருளைக்கிழங்கு வறுவல்தானே என்று நம்பிக் கேட்டால் சார்லா பாணி உருளைக்கிழங்கு வாத்துக் கொழுப்பில் வறுத்ததாக இருக்கும். கேட்காமல் சாப்பிடாதீர்கள். வால்நட்டும் ஸ்ட்ராபெரியும் சந்தை நாளில் அருமையாகக் கிடைக்கும். சார்லாவின் சந்தை புதன், சனி.

எப்போது இது சரி: கால் பழகியவர்கள், அல்லது மின்சார சைக்கிள் எடுக்கத் தயாராக இருப்பவர்கள். லுவாரை ஏற்கெனவே பார்த்தவர்கள். ஒரே ஊரில் தங்கி, தினம் ஒரு திசையில் போய் வர விரும்புகிறவர்கள். இந்தக் கடைசி யோசனையை நான் அழுத்திச் சொல்வேன். பேனாக் பக்கத்தில் ஒரு வீடு எடுத்துத் தங்கிவிட்டால் பைகளைச் சுமந்துகொண்டு மலை ஏற வேண்டாம், வாத்துக் கொழுப்புப் பிரச்சினையும் தீர்ந்தது.

## பர்கண்டி கால்வாய்: நிழல் வழி

ஆற்றுப் பள்ளத்தாக்குதானே கேட்டோம், கால்வாய் ஏன் என்று கேட்கலாம். இந்தக் கால்வாய் பெரும்பாலும் முதலில் ஆர்மான்சோன் ஆற்றையும், பிறகு உஷ் ஆற்றையும் ஒட்டியே ஓடுகிறது. யோன் நதியையும் சோன் நதியையும் இணைக்க வெட்டியது, 1832-ல் முழுமையாகத் திறந்தது. நீளம் 242 கி.மீ., படகை ஏற்றி இறக்கும் மதகுகள் 189. முன்பு படகை இழுத்த குதிரைகள் நடந்த கரைவழியில்தான் இப்போது சைக்கிள் போகிறது. மிஷெனிலிருந்து திஜோன் வரை சுமார் 210 கி.மீ.

கால்வாய்த் தண்ணீர் மேடு ஏறாது, மதகுகள்தான் படிப்படியாக ஏற்றும். அதனால் சைக்கிள்காரருக்கு ஒவ்வொரு மதகின் ஓரத்திலும் பத்துப் பதினைந்து மீட்டர் நீளச் சின்ன மேடு, பிறகு மறுபடி சமதரை. பூயி ஊரில் 378 மீட்டர் உச்சிக்கு வந்துசேர்ந்ததே தெரியாது. அங்கே கால்வாய் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளும் சுரங்கத்துக்குள் நுழைந்துவிடுகிறது. சைக்கிள் மேலே மரவரிசையோடு போய் மறுமுனையில் சந்திக்கும்.

கோட்டைகள் குறைவுதான். ஆனால் இருக்கிற இரண்டு மூன்றும் முதல்தரம். தான்லே, அகழி சூழ்ந்த மறுமலர்ச்சிக்கால மாளிகை. புராட்டஸ்டன்ட் தலைவர்களான கொலிஞி குடும்பத்தாரிடம் இருந்தது, மதப்போர்க் காலத்தில் அவர்கள் கூடிய கோபுரத்தின் மேல்தளத்தில் கூரை ஓவியம் இன்னும் இருக்கிறது. ஆன்சி-லெ-ஃப்ரான், இத்தாலியக் கட்டடக் கலைஞர் செபாஸ்தியானோ செர்லியோ வரைந்தது. வெளியே மொட்டையான நாற்கரம், உள்ளே முற்றத்தில் கால் வைத்தால் வேறு உலகம். பூயியைத் தாண்டியதும் குன்றின்மேல் ஷாதோநெஃப், கால்வாய்த் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும். மோன்பாரிலிருந்து ஆறேழு கி.மீ. விலகினால் 1118-ல் நிறுவிய ஃபோந்தெனே மடம். கொஞ்ச தூரத்தில் அலேசியா, கி.மு. 52-ல் பண்டைய பிரான்ஸின் கோல் மக்களின் தலைவர் வெர்சிஞ்செதோரிக்ஸ் ரோமத் தளபதி சீசரிடம் சரணடைந்த இடம்.

மறைந்திருக்கும் செலவுகள். கடை இல்லாத தூரங்கள். இருபது கிலோமீட்டர் போனாலும் ஒரு ரொட்டிக்கடை கண்ணில் படாத பகுதிகள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அடுத்த இரண்டு வேளைக்கு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் தீர்ந்தால் கிராமத்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். செடிகளுக்கு ஊற்ற ஒரு குழாய் இருக்கும். குடிக்கக்கூடாது என்று பலகை இல்லையா என்று பார்த்துவிட்டுப் பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம். பிரெஞ்சு சைக்கிள்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

பாதை எல்லா இடத்திலும் தார் அல்ல. சில துண்டுகளில் புல்லும் சரளையும். மெல்லிய டயர் வேண்டாம். தங்குமிடம் சிதறிக் கிடக்கிறது, ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது பல கிலோமீட்டர் தள்ளி. மாளிகைகள் வாரத்தில் ஒரு நாளும், குளிர்காலம் முழுவதும் மூடியிருக்கும். இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிடுகிறேன்: நேர்கோட்டுக் கால்வாய், இருபுறம் மரம், மணிக்கணக்கில் அதே காட்சி. சிலருக்கு இது தியானம். சிலருக்கு இரண்டாம் நாளே கொட்டாவி.

ரயில் விஷயத்தில் ஒரு பாதி சொர்க்கம். மிஷென், தொன்னேர், மோன்பார் என்று பாரிஸ்–திஜோன் தடம் கால்வாயோடு ஒட்டியே வருகிறது. சாதாரண வட்டார ரயிலில் சைக்கிளோடு ஏறலாம். ஆனால் மோன்பாருக்கு அடுத்த நிலையமான லே லோம் தாண்டிய பிறகு தண்டவாளம் வேறு பக்கம் திரும்பிவிடும். பூயியிலிருந்து திஜோன் நெருங்கும் வரை இடையில் நிலையமே கிடையாது. உடம்பில் சந்தேகம் இருந்தால் மோன்பாரிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

சாப்பாட்டில் கூஷேர் என்ற சீஸ் உருண்டைகளை முட்டை சாப்பிடும் சைவர்கள் விடக்கூடாது. எப்வாஸ் சீஸின் வாசனை பைக்குள் இருக்கும் துணியெல்லாம் ஏறிவிடும், வாங்கினால் அன்றே தின்று தீர்த்துவிடுங்கள்.

எப்போது இது சரி: கூட்டம் பிடிக்காதவர்கள், கூடாரத்தோடு போகிறவர்கள், நீண்ட நேரம் பேசிக்கொண்டே ஓட்ட விரும்பும் இரண்டு பேர். மூன்றில் செலவும் இதற்குத்தான் குறைவு.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | லுவார் (ப்ளுவா–சோமூர்) | தோர்தோஞ்–வெசேர் | பர்கண்டி கால்வாய் |
|---|---|---|---|
| தூரம் | சுமார் 250 கி.மீ. | சுமார் 150 கி.மீ. | சுமார் 210 கி.மீ. |
| ஏற்றம் | மிகக் குறைவு, ஷெனொன்சோ வழி தவிர | அதிகம் | மதகு மேடுகள் மட்டும் |
| கார்களோடு பகிர்வு | கொஞ்சம் | நிறைய | மிகக் குறைவு |
| கோட்டை | நெருக்கமாக, உள்ளே பார்க்க | நெருக்கமாக, வெளியிலிருந்து பார்க்க | சில மட்டும் |
| ரயில் உதவி | நெடுகிலும் | சில ஊர்களில் | மோன்பார் சுற்றுவட்டம் வரை நன்று |
| சைவச் சாப்பாடு | பரவாயில்லை | கடினம் | கடை கிடைத்தால் பரவாயில்லை |
| பணம் எங்கே போகும் | நுழைவுச் சீட்டு | மின்சார சைக்கிள், தங்குமிடம் | கையில் எடுத்துப்போகும் உணவு |
| ஜூலை–ஆகஸ்ட் | கூட்டம் | கூட்டமும் கார்களும் | அமைதி |

## இன்னும் தயங்குகிறீர்களா?

பத்து வயதுப் பிள்ளையும் அறுபது வயது அம்மாவும் கூட வருகிறார்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், லுவார். அம்மாவுக்கு மின்சார சைக்கிள், ஒரு நாளைக்கு 25, 30 கி.மீ. மட்டும். களைத்த நாளில் அவர் ரயிலில் அடுத்த ஊருக்குப் போய் அறையில் ஓய்வெடுக்கலாம், மற்றவர்கள் ஓட்டி வரலாம்.

நீங்களும் ஒரு நண்பரும், ஆகஸ்டில்தான் விடுமுறை கிடைக்கிறது என்றால் பர்கண்டி. மற்ற இரண்டிலும் அந்த மாதம் அறை விலையும் கூட்டமும் உங்கள் பொறுமையைத் தின்றுவிடும்.

சனி, ஞாயிறுகளில் நாற்பது கி.மீ. மேடு ஏறி இறங்கிப் பழகியவர், வரலாற்றில் பித்து உள்ளவர் என்றால் தோர்தோஞ். வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்பவருக்கும் அதையே சொல்வேன். லுவார் சுலபம், பர்கண்டி நிம்மதி, ஆனால் லா ரோக் காஷாக்கில் மாலை வெயில் பாறையில் விழும் நேரத்துக்கு மற்ற இரண்டிடமும் பதில் இல்லை. இது என் சாய்வு, மறைக்கவில்லை.

இரண்டை ஒரே வாரத்தில் சேர்க்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: வேண்டாம். ரயில் மாறுவதிலும் சைக்கிள் மாற்றுவதிலும் இரண்டு நாள் போய்விடும்.

## சொந்த சைக்கிளா, வாடகையா?

மூன்று வாரத்துக்குக் குறைவான பயணத்துக்கு வாடகையே மேல். விமானத்தில் சைக்கிளைப் பெட்டியில் கட்டிக் கொண்டுவந்தால் போக வரக் கட்டணம், அதைப் பாரிஸில் வைத்துவிட்டுப் போக இடம், அதிவேக ரயில்கள் பலவற்றில் கழற்றிப் பையில் போட்டால்தான் அனுமதி என்ற விதி, எல்லாம் சேர்ந்து வாடகையைத் தாண்டிவிடும். சாதாரண சைக்கிளுக்கு நாளுக்கு 15 முதல் 20 யூரோ என்றும் மின்சார சைக்கிளுக்கு அதன் இரு மடங்கு என்றும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், வாரக் கணக்கில் எடுத்தால் குறையும். எடுக்கும்போது பின்பக்கக் கம்பித் தாங்கி, பைகள், பூட்டு, பஞ்சர் ஒட்டும் பொருட்கள் சேர்த்தியா என்று கேளுங்கள். கடை வாசலிலேயே ஐந்து நிமிடம் ஓட்டி இருக்கை உயரத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள். ஐம்பது கி.மீ. தாண்டி முழங்கால் வலிக்கும்போது அந்தக் கடைக்காரர் பக்கத்தில் இருக்க மாட்டார்.

மாதம் என்று கேட்டால் மே கடைசி, ஜூன், செப்டம்பர். மே மாதம் பிரான்ஸில் பொது விடுமுறைகள் அடுத்தடுத்து வரும், அந்த நீண்ட வார இறுதிகளில் அறை கிடைப்பது கஷ்டம். அக்டோபரில் பகல் சுருங்கிவிடும், சிறிய மாளிகைகள் ஒவ்வொன்றாக மூட ஆரம்பிக்கும். முன்பதிவில் முதலில் ரயிலில் சைக்கிளுக்கான இடத்தைப் பிடியுங்கள், தொலைதூர ரயில்களில் அது எண்ணி வைத்த இடம், ஆளுக்கு டிக்கெட் இருந்தும் சைக்கிளுக்கு இடமில்லாமல் போகும். அடுத்தது, தோர்தோஞ் என்றால் ஃபோன்-த-கோம் குகை. அதன் பிறகு தங்குமிடம், அது கைக்கு வந்ததும் விசா விண்ணப்பம். அரண்மனை டிக்கெட்டுகளைக் கடைசிக்கு விட்டுவிடலாம், ஷாம்போருக்கும் ஷெனொன்சோவுக்கும் மட்டும் முதல் நாள் இரவு கைபேசியில் வாங்கிக்கொண்டு கதவு திறக்கும் நேரத்துக்குப் போய் நில்லுங்கள்.